காற்று பீடியில் பற்றுமா?

என் பிரியமுள்ள பெரியண்ணா,

கும்மிடிப்பூண்டியில் உன் கம்பெனிக்காரர்கள் நீ போன மறுநாளே ஒரு கதை சொன்னார்கள். காற்றை அடைத்து வைக்கும் தொட்டியின் பக்கத்தில் நீ பீடி பற்றவைத்தாயாம், அதனால்தான் வெடித்ததாம். உன் சட்டைப் பையில் பீடிக் கட்டு இருந்தது உண்மைதான். பழவேற்காட்டில் வலை இழுத்த நாளிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டே. அம்மாகூட நம்பிவிட்டாள்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நான் வேலை பார்க்கும் பொன்னேரி ஆஸ்பத்திரியில், கண்ணாடி சிரிஞ்சு கழுவும்போது ஒன்றின் நுனியை விரலால் அடைத்து, தண்டை உள்ளே அழுத்திப் பார்த்தேன். பாதி போனதும் காற்று எதிர்த்துத் தள்ளியது. மேலும் அழுத்த அழுத்த விரல் வலித்தது. உள்ளே இருந்தது அதே காற்றுதான். இடம் குறுகக் குறுக அதன் அழுத்தம் ஏறுகிறது. உன் தொட்டியிலும் இயந்திரம் காற்றை இப்படித்தானே நெருக்கித் திணிக்கிறது? வெறும் காற்று பீடியில் பற்றுமென்றால் ஊரே எரிந்திருக்க வேண்டாமா?

அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து காற்றை வெளியே விடும் வால்வு ஒன்று உண்டென்று நீ சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு அது ஏன் திறக்கவில்லை? உடைந்த தொட்டியை ஏன் அத்தனை அவசரமாகக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள்?

உன்னோடு வேலை செய்த ஏழுமலை அண்ணன் மீதும் சந்தேகம் வந்தது. அடிக்கடி பழம் வாங்கி வருவார். உன் படத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஒருநாள் நேராகவே கேட்டேன், அந்த வால்வுக்கு என்ன ஆச்சு என்று. பழப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"காத்து வெளிய போய்க்கினே கீது, வேல நிக்குதுன்னு மேஸ்திரி சொன்னாரு. நாந்தாம்மா கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன்."

அவரை வெறுப்பதா, அவருக்காக இரங்குவதா, அண்ணா? இதைத் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் முன்னால் சொல்வீர்களா என்றேன். வந்து சொன்னார். மேஸ்திரியோ, எந்தக் கம்பி, எந்த வால்வு என்றார். பக்கத்து ஷெட்டில் ஓடும் இன்னொரு தொட்டியைப் பாருங்கள் என்று நான் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அதன் வால்விலும் கம்பி. சுற்றிலும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் இயந்திரத்தை நிறுத்த வைத்தார். உங்கள் பிள்ளை மேல் தப்பில்லை என்று அம்மாவிடம் அவர் வாயாலேயே சொன்னார். அம்மா அன்றுதான் உன் பெயரைச் சொல்லி அழுதாள்.

எல்லாக் கம்பியையும் அவிழ்த்துவிட்டோம் என்கிறார்கள் இப்போது. நான் நம்பவில்லை. ஏழுமலை அண்ணன் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லையும் பாதிதான் நம்புகிறேன். அங்கே வேலை செய்யும் வேறு ஆட்களையும் கேட்டுக்கொண்டே இருப்பேன். மறுபடி ஒரு கம்பி ஏறினால் அன்றைக்கே இன்ஸ்பெக்டர் வாசலில் போய் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எவரையும் லேசில் நம்பாத உன் தங்கை,
காமாட்சி