பாய்க்குப் பதில் ஒரு நாற்காலி

பரண் மேலிருந்து உன் முக்கோணத் தலையணையை இன்று காலை இறக்கினேன். நீல உறை ஓரத்தில் கிழிந்திருக்கிறது. முகர்ந்தால் நீ தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை இன்னும் வருகிறது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் படுக்கும்போது கால்கள் ஒன்று சேராமல் இருக்க நடுவே வைத்துக்கொள்வது. உனக்கு வாங்கியதுதான். எனக்கும் மூட்டு மாற்றியபோது நீயே திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் விழுப்புரத்துக்குத் தூக்கி வந்தாய்.

நாளைக் காலை இதை மறுபடி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன். மாற்றிய மூட்டு இரண்டு முறை கழன்றுவிட்டது. திறந்து சரிசெய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறது. இதையெல்லாம் பட்டறிந்த ஆள் நீ ஒருவன்தான்.

செய்திக்கு நானும் படத்துக்கு நீயுமாக நாம் சுற்றிய ஊர்களில் கிளியனூரை மட்டும் மறக்க முடியவில்லை. அன்று செய்திக்காகப் போகவில்லை; உன் பெரியம்மாவின் சாவுக்குப் போயிருந்தோம். தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் உன்னிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நானும் நினைவூட்டினேன்.

"எழவு வூட்டுல எல்லாரும் பாயில இருக்க, நான் மட்டும் ராஜா மாதிரி சேர்ல குந்திக்கினு இருந்தா நல்லாவாய்யா இருக்கும்?" என்றபடி காலை மடக்கி உட்கார்ந்தாய். மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு வெளியேறிய சத்தம் பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது. உன் கால் உள்பக்கமாகத் திரும்பிக் குட்டையாகிப் போனது. ஒப்பாரி நின்றுவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: "யோவ் ரிப்போர்ட்டரு, பெரிம்மாவ எடுக்கறதுக்கு முன்ன என்ன எடுக்கறானுங்க பாரு."

மயக்கம் கொடுத்துப் பந்தைக் கிண்ணத்துக்குள் தள்ளி வைத்தார்கள். சில மாதத்தில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மறுபடி கழன்றது. அப்போதுதான் ஆபரேஷன் பேச்சு வந்தது. நீ டாக்டரைப் பார்த்துக் கேட்டாய்: "திரும்பத் திரும்ப ஏன் கழலுது? மொதல்ல அதச் சொல்லுங்க. அப்புறம் கத்திய எடுங்க."

கிண்ணம் அளவுக்கு மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். அதை மாற்றி, பந்தையும் பெரிதாக வைத்தார். அதன் பிறகு ஒருமுறையும் கழலவில்லை. உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு.

எனக்கு முதலில் கழன்றது, கட்டிலில் உட்கார்ந்தபடி கீழே விழுந்த கண்ணாடியைக் குனிந்து எடுத்தபோது. அடுத்தது போன வாரம், பேண்ட் மாட்டும்போது. ஆம்புலன்ஸ் வரும் வரை என் காலே எனக்கு அந்நியமாகத் தரையில் கிடந்தேன். அதிலிருந்து எழுந்தாலும் திரும்பினாலும் என் காது இடுப்பிலேயே இருக்கிறது, அந்தச் சத்தத்தை எதிர்பார்த்து.

மந்திரிகளை மடக்கிக் கேள்வி கேட்டவன், டாக்டர் ஆபரேஷன் என்றதும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் நினைவு வந்தது. மறுநாள் திரும்பப் போய் உன் கேள்வியையே கேட்டேன்.

"கிண்ணம் சரியாத்தான் இருக்கு சார். இடுப்பப் பிடிச்சி நிறுத்தற தசை தளர்ந்துபோச்சு. அதனால பந்த வெளிய விடாம கவ்விக்கிற மாதிரி வேற கிண்ணம் வைக்கப் போறோம்."

"அப்புறம் கழலாதா?"

"வாய்ப்பு குறையும். கழலவே கழலாதுன்னு என்னால சொல்ல முடியாது."

அடித்துச் சொல்லிவிட்டு மாறியவர்களை நிறையப் பார்த்தவன் நான். இவரை நம்பினேன், சரி என்றேன். ஆனாலும் உனக்குக் கிடைத்தது போன்ற தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லையே என்ற எண்ணம் போகவில்லை.

நீ போன அன்று உன் பக்கத்தில் பாயில் உட்காரத்தான் குனிந்தேன். அழுதுகொண்டிருந்த உன் மனைவி எழுந்து போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "கீழ குந்தாதீங்கண்ணா. நான் செத்தா அந்த ஆளு துக்கத்துல பாயில குந்திடுவான், சேர் போடுன்னு அவரு அப்பவே சொல்லி வெச்சாரு."

எல்லோரும் தரையில் இருக்க, உன் தலைமாட்டில் நான் மட்டும் உயரத்தில். கிளியனூரில் உன்னைக் கூசவைத்தது என்னவென்று அப்போது புரிந்தது. ஆனால் நான் எழுந்துகொள்ளவில்லை.

சற்றுமுன் தங்கச்சி, உன் மனைவிதான், போன் செய்தாள். "தலகாணிய எடுத்து வெச்சிக்கினீங்களா? காலைல நானும் வர்றேன். பயமா இருக்குதாண்ணா?"

"ஆமாம்மா. அவன மாதிரி எனக்கு தைரியம் இல்ல."

"யாருக்கு, அவருக்கா? ஆபரேஷனுக்கு மொத நாள் ராத்திரி என் கைய அந்தக் கால் மேலயே வெச்சிருக்கச் சொன்னாருண்ணா. எடுத்தா எழுப்புவாரு. உங்ககிட்ட காட்டிக்கல, அவ்ளோதான்."

இத்தனை நாள் இது எனக்குத் தெரியாது. நீ பயந்து, பயத்தோடுதான் போய்ப் படுத்தாய். நாளை நானும் அப்படியே போகிறேன்.

தலையணையைப் பையோடு சேர்த்துக் கட்டி வாசலருகே வைத்துவிட்டேன். நடக்க விட்டதும் முதலில் திண்டிவனம் வருவேன் என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிவப்பு நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றும்.