ஆக்சிஜன் குழாய்க்கு ஒரு பூட்டு

மாப்ளே,

போன வாரம் விமானத்தில் ஏறினேன். என் பேத்திக்கு டெல்லியில் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கப் போனேன். கதவைச் சாத்தியதும் ஒரு பெண் நடுப்பாதையில் நின்றுகொண்டு மஞ்சள் முகமூடி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். காற்று குறைந்தால் இது மேலிருந்து விழும், மூக்கையும் வாயையும் மூடி மாட்டிக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் முகத்தையல்ல, குழாய் பையோடு சேர்கிற இடத்தை. அந்த மூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்ததைக் கவனித்துவிட்டு, "பயமா இருக்கா ஐயா?" என்று கேட்டாள்.

"பயமில்லம்மா. ஒரு ஆள் ஞாபகம் வந்துருச்சு" என்றேன்.

நீ போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று அந்த இருக்கையில்தான் தோன்றியது.

சிலமலையிலிருந்து போடிப் பள்ளிக்கூடத்துக்கு நான் வருவேன். உன் அத்தாவுக்கு ஏலக்காய் மண்டி. நீங்கள் ராவுத்தர், நாங்கள் காடு உழுகிறவர்கள். ஆனாலும் நம்மூரில் இரண்டு வீட்டாரும் மாமன், மாப்ளே என்றுதானே கூப்பிட்டுக்கொள்வோம். அப்படி வாயில் ஒட்டிய சொல், கடைசிவரை உன் பெயரை நான் சொன்னதேயில்லை. மண்டியில் உட்கார மாட்டேன் என்று நீ யுத்த காலத்தில் விமானப்படைக்குப் போனாய். திரும்பி வந்தபோது, ஒரு விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற லைசென்ஸோடு வந்தாய். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த என்னை, மலைகளை மேலிருந்து படமெடுத்து வரைபடம் போடுகிற அந்தக் கம்பெனிக்கு இழுத்து வந்தவனும் நீதான்.

இரட்டை எஞ்சின் வைத்த சின்ன விமானம் அது. வயிற்றில் துளை போட்டுக் கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து கிளம்பி, போடி மேலே ஏறி, ஏலமலை முழுவதையும் கோடு கோடாகப் பறந்து எடுக்க வேண்டும். அந்த உயரத்தில் வெறும் காற்று மூச்சுக்குப் போதாது. ஆக்சிஜன் வரும் குழாயை முகமூடியில் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வோம். அது நின்றுபோனால் எடுத்துக்கொள்ள, அவசரத்துக்கென்று தனியாக ஒரு சின்ன உருளையும் குழாயும் இருக்கும். அதைத் தொடும்முன் நீ சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவாய். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடிக்கும். அதனால் என் தலையையும் மோந்து பார்ப்பாய். "எண்ணெ வச்சுருக்கியே, போய்த் தலைய அலசிட்டு வா" என்று எத்தனை தடவை விரட்டியிருக்கிறாய்! என் அம்மா ஆசையாகத் தேய்த்துவிட்ட எண்ணெயெல்லாம் விமானத் திடல் குழாயடியில்தான் போனது.

அந்தத் தை மாதத்து நாளை நான் உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் இன்னொரு முறை கேள். குரங்கணிக்கு மேலே பறந்துகொண்டிருந்தோம். முதல் குழாயில் வரத்து நின்றுவிட்டது. பயப்படாமல் அவசர உருளையை எடுத்து மாட்டிக்கொண்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு அப்படி ஒரு ஆனந்தம் வந்தது மாப்ளே. கீழே ஏலத்தோட்டத்துச் சோலைகள் பச்சைக் கம்பளியாகக் கிடந்தன. அதில் குதித்துப் புரளலாம் போல இருந்தது. கேமராவை மறந்துவிட்டேன். செத்துப்போன என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூட நினைத்தேன். அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு விமானியின் காதுக் கருவியில் கேட்டிருக்கிறது. பெங்களூர்க்காரர், யுத்தத்தில் பறந்தவர். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். நான் பதில் சொல்லாமல் சிரித்ததும், மூக்கைக் கீழே சாய்த்து விமானத்தை மளமளவென்று இறக்கிவிட்டார். கனத்த காற்று வந்த பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது. உருளைக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்த மூட்டு, என் முதுகுக்குப் பின்னால் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாட்டிக்கொண்டிருந்தது வெறும் முகமூடி.

தரையில் நீ என் இரண்டு கையையும் பிடித்து நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஆக்சிஜன் குறைந்ததில் ஏறிய நீலம் இன்னும் மறையவில்லை.

"வலிச்சுச்சா? மூச்சு முட்டுச்சா?"

"இல்லடா. சந்தோஷமா இருந்துச்சு."

உன் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கவில்லை. வலித்திருந்தால்கூட உனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்; வலி எச்சரிக்கும், சந்தோஷம் எச்சரிக்காது. அந்த மூட்டை அன்று காலையில் நீதான் சோதித்திருந்தாய். சரியாகத்தான் இருந்தது. இழுத்தால் கழலும்படி அதைச் செய்தவர்கள் எங்கோ தூர தேசத்தில் இருந்தார்கள். ஆனாலும் நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் வீட்டுக்காரி பிற்பாடு சொன்னாள். நடந்ததை எழுதி மேலே அனுப்பினாய். வேறு இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது போல. அடுத்த வருஷம் உத்தரவு வந்தது. இந்த வகை அவசர உருளைகள் எல்லாவற்றுக்கும் மூட்டில் பூட்டு வளையம் போட வேண்டும். ஆக்சிஜன் ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்க, குழாயில் கண்ணாடிச் சிமிழ் ஒன்று வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் அந்த உயரத்துக்குப் போகக் கூடாது.

உத்தரவு வந்த நேரம் பொல்லாத நேரம். வானம் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. இன்னும் இரண்டு மலைமுகடுதான் பாக்கி. கோடை மழை மேகம் கட்டிவிட்டால் மறு வருஷம்தான். பூட்டு வளையமோ பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்து, அங்கே ஒரு கிட்டங்கியில் கிடந்தது.

மேலாளர் கெட்டவர் இல்லை. கவலையில் இளைத்துப்போயிருந்தார். "அவசர உருளைதானே தம்பி சரியில்ல? அதத் தொடாமலே பறந்துட்டு வரட்டுமே. மொதக் குழாய் நல்லாத்தான இருக்கு?" என்று உன்னிடம் கேட்டார்.

"அன்னைக்கு நின்னது அந்த மொதக் குழாய்தான் சார்."

"தெனமும் நிக்குமா?"

"நிக்காது சார். என்னைக்கு நிக்கும்னுதான் தெரியல." கொஞ்சம் யோசித்துவிட்டு நீயே சொன்னாய். "தபால்ல வந்தா நாளாகும். நானே பம்பாய் போய் எடுத்துட்டு வெரசா வந்துர்றேன். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

விமானி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அவர் கையெழுத்து இல்லாம நானும் ஏற மாட்டேன்" என்றார். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உன் ரயில் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

உனக்கு அது எப்பேர்ப்பட்ட பயணம் என்று அவருக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரிக்கு மாதம் நிறைந்திருந்தது. தலைப்பிரசவம். சொல்லிவிட்டு வரப் போடிக்குப் போனபோது என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாய். உள்ளே போனதும் என்னை முன்னால் தள்ளிவிட்டாய். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். "இவுக இங்க இருந்து என்ன செய்யப் போறாகண்ணே? வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாக. போயிட்டு வரட்டும்." பிறகு உன் பக்கம் திரும்பினாள். "எம் புள்ளைக்கு இருக்குற ஒரே மாமன் இந்தண்ணன். அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா நம்ம ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பமா?"

நீ முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாய். மண்டித் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்றாய். அந்த வீட்டுக்குள் மண்டித் தூசி எங்கிருந்து வந்தது?

நீ பம்பாயில் இருந்தபோது அவளுக்கு வலி எடுத்தது. காலையில் தொடங்கி மதியம் வரை பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி கையைப் பிசைந்தாள். உன் அத்தா எஸ்டேட் ஜீப்பை நிறுத்தி வைத்திருந்தார். பின்னால் மெத்தை விரித்து அவளை ஏற்றி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் "பைய, பைய" என்று கத்திக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். உன் அத்தா வராந்தாவில் துஆ கேட்டபடியே இருந்தார். நான் என் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் நர்சம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். உன் அத்தா ஒதுங்கி வழிவிட்டார். "நீ வாங்கு அப்பு" என்றார். உன் மகளை உனக்கு முன்னால் கையில் வாங்கியவன் நான். பிறந்ததும் அவள் உடனே அழவில்லையாம். கொஞ்சம் ஆக்சிஜன் காட்டிய பிறகுதான் அழுதாளாம். நர்சம்மா அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வருகிற ரயிலைப் பார்க்க மதுரை ஸ்டேஷனுக்கு வந்தேன். கசங்கிய சட்டையும் மூன்று நாள் தாடியுமாக, மார்போடு ஒரு மரப்பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினாய்.

"பொண்ணு மாப்ளே! ரெண்டு பேரும் நல்லாருக்காக."

நீ பெட்டியை என் கையில் கொடுத்தாய். "தரையில வைக்காத. அதிரக் கூடாது" என்றாய். அப்புறம்தான் ஓடினாய், போடி ரயில் நிற்கிற பிளாட்பாரத்துக்கு. பாதிதூரம் போய்த் திரும்பி நின்று, "யாரு மாதிரி இருக்கா?" என்று கத்தினாய். "நல்லவேள, தங்கச்சி மாதிரி" என்று நானும் கத்தினேன். கூலிக்காரர்களெல்லாம் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்து பூட்டு வளையத்தை மாட்டினாய். திருகி அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். நீ இழுத்துப் பார்த்தாய். விமானியை இழுக்கச் சொன்னாய். மேலாளரையும் இழுக்க வைத்தாய். கடைசியில் என்னிடம் நீட்டி, "உன் சீவன்டா, நல்லா இழு" என்றாய். கண்ணாடிச் சிமிழுக்குள் சிவப்பாக ஒரு குண்டுமணி. ஆக்சிஜன் ஓடினால் மேலே எழும்பி நிற்கும், நின்றால் விழுந்துவிடும். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாய். நீயும் விமானத்தில் ஏறினாய். உயரத்துக்குப் போனால் உனக்குக் காது குடையும் என்று எனக்குத் தெரியும்.

"நான் மாட்டுனத நான் பாக்க வேண்டாமா?" என்றாய்.

மேலே ஏறியதும் முதல் குழாயை மூடிவிட்டு, அவசர உருளையை எனக்கு மாட்டிச் சோதித்தாய். குண்டுமணி எழும்பி நின்றது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். காதுக் கருவியில் உன் குரல் கரகரத்தது.

"மாப்ளே, தலவலி வந்தாக்கூடப் பரவால்ல. சந்தோஷமா இருந்தா மட்டும் ஒடனே எங்கிட்டச் சொல்லிரு."

கடைசி முகட்டைப் படமெடுத்து முடித்தோம். சாய்ந்து திரும்பும்போது கீழே போடி தெரிந்தது. ஒரு கைப்பிடி அளவு ஊர். அதில் ஏதோ ஒரு கூரைக்குக் கீழே உன் மகள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். நீ காதைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி, என் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"மாப்ளே, சந்தோஷமா இருக்குடா" என்றேன்.

பதறிவிட்டாய். மூட்டைத் தடவினாய், சிமிழைத் தட்டினாய், என் கையுறையைப் பிடுங்கி நகத்தைப் பார்த்தாய். "எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. இது நெசச் சந்தோஷம்."

நீ திட்டியதை விமானியும் கேட்டார். அவருக்கு அந்தத் தமிழ் புரியாமல் போனது நல்லது.

அதன்பிறகு அது நமக்குள் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு மகன் பிறந்தபோதும், நான் சொந்தமாக ஸ்டுடியோ போட்டபோதும், உன் மகள் டாக்டருக்குப் படிக்கப் போனபோதும், யாருக்குச் சந்தோஷம் வந்தாலும் அவன் மற்றவனிடம் ஓடி வந்து சொல்லுவான். கேட்கிறவன் முதலில் நகத்தைப் பார்ப்பான். நம் பெண்டாட்டிகள் இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். பேசக் கூடாது என்று உன் மகள் சொல்லியிருந்தாள். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். குனிந்தேன்.

"சந்தோஷமா இருக்கு மாப்ளே."

குழாயைத் தடவிக்கொண்டே போனேன், மூக்கிலிருந்து சுவர்வரை. எங்கேயும் கழன்றிருக்கவில்லை. உன் நகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் சரியா மாட்டிருக்குடா" என்றேன்.

"தெரியும். உம் மருமக, எம் மகதான மாட்டுனா" என்றாய். சிரிக்கப் பார்த்தாய். நானும் உன் கையை விடாமல் மாலைவரை உட்கார்ந்திருந்தேன்.

டெல்லியில் பேத்தியின் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். சூடாக, பூப்போல இருந்தது. பிறகு போனை எடுத்துத் தரச் சொல்லி, போடிக்கு, உன் மகளைக் கூப்பிட்டேன்.

"என்ன மாமா, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்லத்தா. சந்தோஷமா இருக்கேன். அதச் சொல்லணும்ல."

"நகத்தப் பாத்துச் சொல்லுங்க மாமா" என்றாள். பார்த்துச் சொன்னேன்.