கார்டில் போட ஒரு வார்த்தை

மாசி 9, வெள்ளி. இரவு.

இடுப்பு எரிகிறது. குப்புறப் படுத்துதான் எழுதுகிறேன்.

வெளிநாட்டுக்காரர்களைக் கிரிவலம் கூட்டிப்போகும் தொழிலை இன்று தொடங்கினேன். விசிட்டிங் கார்டில் என்ன போடுவது என்று காலையில் மனைவி சரசுவுக்குப் பாடம் எடுத்தேன்.

"கைடுன்னா வழி சொல்றவன். எஸ்கார்ட்டுன்னா கூடவே போறவன். லீடர்னா முன்னாடி நின்னு கையப் புடிச்சு இழுத்துக்கினு போறவன். லீடர்னே போட்டுடறேன்."

"எந்தக் கட்சின்னு கேப்பாங்க," என்றாள்.

முதல் ஆள் ஒரு ஜெர்மன்காரம்மா. அவருக்குப் பிடித்துப்போனால் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் கூட்டமே என்னிடம் வரும். இடுக்குப் பிள்ளையார் கோயிலில், பக்தர்கள் ஊர்ந்து மறுபக்கம் வரும் குறுகல் வழியில் எப்படி நுழைவது என்று காட்ட நானே முதலில் படுத்து நுழைந்தேன். தலை வெளியே வந்தது. தொப்பை வரவில்லை. பின்னால் நீள வரிசை.

"மூச்ச வுடுங்க சாமி," என்றார் ஒருவர்.

அந்தம்மாதான் சுற்றி வந்து, என் இரண்டு கையையும் பிடித்து இழுத்துப் போட்டார். மீதி வழியெல்லாம் அவர் முன்னால், நான் நொண்டிக்கொண்டு பின்னால். அவருக்கு இது பதினோராவது சுற்றாம். பேச்சுத்துணைக்குத்தான் என்னைக் கூப்பிட்டாராம். நாளை தோழிகளையும் அழைத்து வருகிறார். இடுக்கில் நான் இன்னொரு தடவை நுழைந்து காட்ட வேண்டுமாம்.

சரசு எண்ணெய் தேய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"லீடர்னே போடுங்க. பேரு மட்டும் அந்தம்மா பேரப் போட்டுடுங்க."