உன் டேஷ்போர்டில் நான் போட்ட இரண்டு துளைகள்

என் அருமை அண்ணனுக்கு,

டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. உன் ஜீப்பின் டேஷ்போர்டில் இரண்டு துளை போட்டுவிட்டேன். ஒரு கீறல் விழுந்தாலே தாராவிக்கே கேட்கும்படி கத்துவாயே, அதே டேஷ்போர்டில்தான்.

ஜீப்பை விற்றுவிட வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக் காலில் நின்றார். "ஆம்பளை இல்லாத வீட்டுக்கு ஜீப்பு என்னத்துக்கு?" மதினி எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

நீ இருந்தபோது அந்தச் சாவி ஒரு நாளாவது என் கைக்கு வந்ததா, அண்ணே? செம்பூரில் தினமும் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் நான். "வேன் வேற, மலை வேற. நீ மேப்பைப் பாத்துச் சொல்லுட்டி, நான் ஓட்டுதேன்" என்பாய். அதற்காகவே வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவியை முன்கண்ணாடியின் இடப்பக்கத்தில், என் முகத்துக்கு நேரே ஒட்டினாய். பாறையில் ஏறும்போது ரப்பர் பிடி விட்டு அது என் மடியில் விழும். கையில் பிடித்தபடியே உனக்கு வழி சொன்னேன்.

இப்போது ஓட்டப்போவது நான். ஒவ்வொரு மழைக்கும் நண்பர்களோடு நீ போகும் கர்ஜத் மலைப்பாதைக்குப் போவதென்று நானும் மதினியும் முடிவு செய்தோம்.

உன் மெக்கானிக் இசக்கி அண்ணாச்சி, "கண்ணாடி நடுவுல வச்சிருவோம்மா, எல்லாரும் அங்கதான் வைக்காங்க" என்றார். எல்லாரும் என் உயரமா? பிஸ்கட் டப்பா அட்டையை அந்தக் கருவியின் அளவுக்கு வெட்டி, ஒவ்வோர் இடமாக ஒட்டி, பெல்ட் போட்டுக்கொண்டு சயான் வரை ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி நடுவில் வைத்தால் பானெட்டின் இடது முனை மறைந்தது. மலையில் பள்ளம் இருப்பது அந்தப் பக்கம்தானே? வலது மூலையில் வெயில் நேராக அடித்தது. கியர் பக்கம் தாழ்த்தி வைத்தால் குனிய வேண்டியிருந்தது. கடைசியில் ஸ்டியரிங்குக்குச் சற்று இடப்புறம், கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு இரும்பில் ஒட்டினேன். சாய்ந்தபடியே கை எட்டியது. கண்ணைத் தாழ்த்தினால் போதும்.

ஆனால் அங்கே போல்ட் போட்டால்தான் நிற்கும். விற்கச் சொன்ன அதே சித்தப்பா பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அவன் ஞாபகமா இருக்க வண்டிட்டி இது. இதுல போயி ஓட்டை போடுதியே!"

"ஓட்டப்போறது நாந்தான சித்தப்பா? எனக்குத் தெரியுத எடத்துலதான் இருக்கணும்."

அண்ணாச்சி டிரில்லோடு தயங்கி நின்றார். "குடுங்க அண்ணாச்சி, நானே போடுதேன்." கண் கலங்கியது. துளை நேராகத்தான் விழுந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். உன் நண்பர்கள் என்னைப் பார்த்து, "தீதி, ஆப் பீச்சே ரஹோ" என்றார்கள். அக்கா பின்னாலேயே வரட்டுமாம். சரியென்று கடைசியாகவே போனேன். மேலே ஏற ஏற மேகம் இறங்கி மூடிக்கொண்டது. ஒரு கிளைப்பாதையில் முன்னால் போன மூவரும் சக்கரத்தடம் பார்த்து இடப்பக்கம் திரும்பினார்கள். என் திரையில் பாதை வலப்பக்கம் போனது. மதினி என் முகத்தைப் பார்த்தாள். ஹாரனை அழுத்தியபடி வலப்பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் மூன்று ஜீப்பும் திரும்பி என் பின்னால் வந்தன. இடப்பக்கப் பாதை மண் சரிந்து அடைத்துக் கிடந்ததாம்.

ஒரு சேற்றில் மாட்டிக்கொண்டேன், அதையும் மறைக்கவில்லை. மதினி இறங்கித் தள்ளினாள், தலை முதல் கால் வரை சேறு. நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சித்தப்பா இன்னும் எங்களோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும். வருகிற ஞாயிறு முதல் நெருள் மைதானத்தில் மதினிக்கு ஓட்டக் கற்றுத்தரப் போகிறேன். அடுத்த மழைக்கு அந்த மலையில் அவள் ஓட்டுவாள். யார் குறுக்கே நின்றாலும் இது நடக்கும், அண்ணே. நீயே வந்து நின்றாலும்.

உன்மேல் சத்தியமாக,
உன் கூடப்பிறந்த தங்கச்சி