நீ காலியாக விட்ட முன் சீட்டு

என் ராசாத்தி புவனா,

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பீலியடியில், மலைத் தண்ணீர் கொட்டும் குழாய்க்குக் கீழே, உன் அப்பா மாரிமுத்து, தலை நிறைய சவர்க்கார நுரையோடு. அவருக்குப் பின்னால் வாளியோடு காத்திருந்த முனியம்மா கிழவி. நம் லயத்து வீட்டு வரிசைக் கோடியில் கறுப்பையா கங்காணி. வாயில் போட்ட வெற்றிலையை அவர் மெல்லவே இல்லை. கொழுந்துக் கூடையை அப்போதுதான் இறக்கிய செபமாலை. பச்சை ட்ரக்கில் துப்பாக்கியோடு வந்த ஐந்து பேர். ட்ரக்கை ஓட்டி வந்தவன், மீசை சரியாக முளைக்காத பயல். என் இடுப்பில் நீ, ஆறு மாதக் குழந்தை.

இன்னொருவனும் இருந்தான். ட்ரக்கின் முன் சீட்டில், கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை போட்ட சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. அவன் கையை நீட்டி உன் அப்பாவைக் காட்டினான். ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான்.

அந்தச் சாக்குக்குள் இருந்தது யார் என்று நீ எத்தனை முறை கேட்டாய்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும், புவனா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற கை என்னுடையது, ஒரு வரிக்கு ஒரு நாள் ஆகிறது. உன் மகள் தர்ஷி எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துத் தருவாள். மற்றதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ பதுளைக்கு அந்த வேலைக்குப் போன புதிதில் நான் உன்னோடு சண்டை போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சண்டை வண்டி பொம்மைக்குச் சாயம் அடிக்கிற வேலம்மா. வெளிநாட்டுக்காரங்க மேசை மேல வச்சு யுத்தம் வெளாடுவாங்களாம்."

"சின்னப் புள்ளைங்களா?"

"இல்லம்மா, பெரிய ஆம்பளைங்க. தாத்தாமாருங்ககூட இருக்காங்க."

"வேற சோலியே இல்லையா அவனுகளுக்கு?"

நீ சிரித்தாய். ஒரு நாள் பாதி வேலையோடு ஒரு டாங்கியை வீட்டுக்குக் கொண்டு வந்தாய். தீப்பெட்டி உயரம்தான் இருக்கும். அந்த ட்ரக்கின் அதே பச்சை. இந்தச் சனியனை என் வீட்டுக்குள் வைக்காதே என்று தூக்கி வெளியே சாக்கடைக் கானுக்குள் எறிந்தேன். மழை பெய்து கான் நிறையச் சேறு. நீ அழுவாய் என்று நினைத்தேன். இறங்கிப் போய் எடுத்து வந்தாய். விளக்குக்குக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"அம்மா, நீ போட்ட சேறு நான் போட்டத விட நல்லாருக்கு."

என்ன பிள்ளை நீ! சேறு சக்கரத்துக்கு நடுவில்தான் தங்கும், மேலே தங்காது, வழிந்த இடத்தில் கோடு விழும் என்று எனக்கே பாடம் எடுத்தாய். அந்த வாரமே கான் மண்ணைக் காய வைத்து, பழைய சேலைத் துணியில் சலித்து, டின்னில் அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாய்.

நம் மடுல்சீமைத் தோட்டத்துக்கும் பதுளைக்கும் பஸ்ஸில் குலுங்கிப் போய்வர முடியாமல் உடம்பு விட்ட பிறகு, வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து செய்தாய். இஸ்தோப்புத் திண்ணையில் வெளிச்சம் இருக்கும் மட்டும் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சாம்பல் நிறத் துண்டுகள் வரும். கழுவி, கத்தியால் பிசிறு சீவி, ஒட்டுவாய். கறுப்பு அடிப்பாய், அதன் மேல் பச்சை, தண்ணீர் மாதிரி, மூன்று நான்கு தடவை. நாலே நாலு மயிர் உள்ள பிரஷை உதட்டில் வைத்துக் கூராக்குவாய். பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றிச் சாயம் பெயர்ந்த மாதிரி ஆக்குவாய். செங்கல் தூளில் துரு.

"புதுச வாங்கிப் பழசாக்குறதுக்கா சம்பளம் குடுக்குறானுக?" என்று கேட்டேன்.

"புதுசா இருந்தா யாரும்மா நம்புவா, அது யுத்தத்துக்குப் போய்ட்டு வந்ததுன்னு?"

நான் பஞ்சுத் துண்டை எடுத்து நீட்டினேன்.

பிறகு அந்தப் பொம்மை ட்ரக். அடிச்சட்டம் வளைந்திருக்கிறது என்று கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தாய். பத்து நாள் அதைத் தொடாமல் வைத்திருந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்.

"கோவிச்சுக்காதம்மா. அப்பாவக் கொண்டுபோன ட்ரக்கு எப்பிடி இருந்துச்சு?"

"அத எதுக்குடி கேக்குற?"

"அப்பாவோட போட்டோ ஒன்னுகூட இல்ல. நம்ம கண்ணுக்கு அவரு கடைசியா இருந்த எடம் அதுதானேம்மா."

முப்பது வருடத்துக்கு மேல் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பொட்டை அழி என்று சொன்னார்கள். அழிக்காதே, வந்துவிடுவார் என்று சொன்னார்கள். ட்ரக் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ கேட்டாய், நான் சொன்னேன். இடப்பக்க விளக்கு உடைந்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு வாழைக்குலை தொங்கியது, வரும் வழியில் யாருடைய கடையிலோ அறுத்தது. பின் நம்பர் தகட்டில் அப்பியிருந்த சேற்றால் எழுத்துத் தெரியவில்லை. அந்தச் சேறு மழைச்சேறு இல்லை, கையால் பூசியது. விரல் தடம் இருந்தது. நீ அந்த விரல் தடத்தைக்கூட ஊசி முனையால் இழுத்தாய்.

உன் அப்பாவை என் விரல் நகமளவு செய்தாய். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம், வெற்று உடம்பு. தலையில் நுரை இருந்தது என்று சொன்னேன் அல்லவா, வெள்ளையைத் தொட்டுத் தொட்டு வைத்தாய். கழுவவும் விடாமல் கொண்டுபோனார்கள் என்று அப்போதுதான் உனக்குச் சொன்னேன். பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய்.

மிச்சம் இருந்தது முன் சீட்டு. ஓட்டுநர் பயலை வைத்துவிட்டாய். பக்கத்து இடம் காலி.

"இங்க யாரும்மா?"

"யாருமில்ல."

"யாருமில்லாத சீட்ட ஏம்மா அப்பிடிப் பாக்குற?"

அன்றைக்குத்தான் சாக்கு போட்டவனைப் பற்றிச் சொன்னேன். ஆள் யார் என்று தெரியாது என்றேன். நீ நம்பவில்லை. சாயம் அடிக்காத சாம்பல் ஆள் ஒருவனைப் போத்தல் மூடியில் ஒட்டி வைத்து, எனக்காகக் காத்திருந்தாய். "அவன் வந்து ஒக்காந்தாத்தான் வேல முடியும். முடிஞ்சாத்தான் வார்னிஷ். வார்னிஷ் அடிச்சுட்டா பொறகு சேறு அசையாது" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. மார்பில் கட்டி என்றார்கள், பதுளைக்கும் கொழும்புக்கும் அலைந்தோம், ஐப்பசி மழையில் உன்னைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். ட்ரக் வார்னிஷ் இல்லாமல் பலகையில் நின்றது.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். கருமாதிக்கு முதல் நாள் வீடு கழுவினோம். பாய், பானை, படம், எல்லாம் மஞ்சள் தண்ணீர் படவேண்டும் என்று உனக்கே தெரியும். உன் மாமா வேலாயுதம் பதுளையில் கடையைப் பூட்டிவிட்டு விடியவே வந்திருந்தார். ஆம்பிளை ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்ட பொம்பிளைகளை "என் மருமவ வீடு, நான் கழுவாம யாரு கழுவுறது?" என்று அதட்டினார். நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வந்தபோது பீலியடியில் குந்தியிருந்தார். ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ். மறு கையில் உன் ட்ரக்.

"பாரு அக்கா, பளபளன்னு ஆக்கிட்டேன்!"

சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருந்தார். சேறு இல்லை. துரு இல்லை. விளக்கில் சுற்றிய சிவப்புத் துணி இல்லை. நம்பர் தகடு வெறும் தகடு. உன் அப்பா தலையில் நுரையும் போய், அடியில் இருந்த சாம்பல் பிளாஸ்டிக் தெரிந்தது.

"என்னாக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? ஒரே சேறா கெடந்துச்சு. புள்ள கடைசியா செஞ்சது, சுத்தமா இருக்கட்டும்னுதான் தேச்சேன்."

கையை நீட்டினேன், கொடுத்தார். சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டேன், சாப்பிட்டாயா என்று. என் வாயில் அதுதான் வந்தது.

சாப்பிடும்போது சொன்னார். "தர்ஷிய எங்கிட்ட விடுக்கா. பதுளயிலயே இருந்து ஏ லெவல் படிக்கட்டும். ஒனக்கு இனி என்னா தெம்பு இருக்கு? மலருக்கு நீயும் ரெண்டு வரி எழுது, நான் அச்சுக்குக் குடுக்குறேன்."

நல்ல மனிதர் என்று லயமே சொல்கிறது. நானும் மறுத்துப் பேசியதில்லை. உன் அப்பா போன பிறகு நமக்கு அரிசி கொண்டுவந்தது அவர். நீ பெரியவளானபோது சீர் செய்தது அவர். உன் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்ததும் அவர்தான். உனக்கு மாமா என்றால் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை, பதுளையில் உன்னோடு சாயம் அடித்த கூட்டாளி சமிலா பஸ் ஏறி வந்தாள், உன் தூள் டின்களையும் பிரஷ்களையும் பெட்டியில் தூக்கிக்கொண்டு. தர்ஷி போன் பண்ணியிருக்கிறாள். அந்தச் சிங்களப் பிள்ளை ட்ரக்கைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடியை மாட்டினாள்.

"அம்மே சொல்லுங்க. நான் வைக்கிறேன். இங்கயா?"

"இன்னுங் கீழ. அங்க இல்ல, வலப்பக்கச் சக்கரத்துல கூட இருந்துச்சு."

"இவ்வளவா?"

"ஆமா. அந்தக் கோடு வளஞ்சு போகும்."

"அம்மேக்கு போட்டோ ஒன்னும் தேவையில்ல," என்றாள்.

சிவப்புத் துணி வந்தது. நம்பர் தகட்டில் சேறு வந்தது. உன் அப்பா தலையில் நுரை வந்தது. எல்லாம் நான் சொன்ன இடத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உன் கை இல்லை, புவனா. நீ வைத்த சேறு பீலித் தண்ணீரோடு கானில் போய்விட்டது. நான் அந்தப் பெயரை ஒரு வருடம் முன்பு சொல்லியிருந்தால் நீ வார்னிஷ் அடித்திருப்பாய், உன் கை என்னோடு இருந்திருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழ?

இப்போது கேள்.

அன்றைக்குச் சாக்குக்காரன் முன் சீட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். ஆட்காட்டி விரல் உன் அப்பாவைக் காட்டியது. எல்லாரும் அந்த விரலைப் பார்த்தார்கள். நான் கட்டைவிரலைப் பார்த்தேன். நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுப் பிளந்த நகம். மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான். எங்கள் அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவளும் நான்.

அதற்கு முன் அவனை டவுனில் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடித்திருப்பார்கள். பத்தொன்பது வயது, பயந்திருப்பான். ஒரு ஆளைக் காட்டு, விட்டுவிடுகிறோம் என்று சொல்லியிருப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றுகூட யோசித்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை நாள் அவன் நம் வாசலுக்கு வந்தான்? ஒரு நாளாவது, "அக்கா, நான்தான்" என்று சொன்னானா? அரிசியை இறக்கி வைத்துவிட்டு உன்னைத் தூக்கிக் கொஞ்சினான். நான் அந்த அரிசியைப் பொங்கி உனக்குப் போட்டேன். உன் தட்டில் சோறு வேண்டும் என்பதற்காக வாயைக் கட்டினேன். அவன் கையால் வெற்றிலை மட்டும் வாங்கியதில்லை. கேட்டால் பல் வலி என்பேன். இத்தனை வருடமும் எனக்குப் பல் வலி என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

ட்ரக்கைத் தேய்த்தபோதும் அந்த நகத்தைத்தான் பார்த்தேன். உன் அப்பா தலைக்குப் பக்கத்தில் அழுத்திப் பிடித்திருந்தது.

உனக்காக ஒரு தடவை வாயைக் கட்டினேன். உன் மகளுக்காக இன்னொரு தடவை கட்ட மாட்டேன். தர்ஷியிடம் முதலில் சொல்லிவிட்டேன். ட்ரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "நான் பஸ்ஸுலயே போய்ட்டு வாறேன் அம்மாயி" என்றாள். அந்த ரோட்டில் தினமும் போய்வர அவளுக்கு உடம்பு தாங்குமா, படிப்பு நிற்குமா, ஒன்றும் தெரியவில்லை. இனி நமக்கு அரிசி கொண்டுவர ஆள் இல்லை. லயத்தில் பாதிப் பேர் என்னைத்தான் ஏசுவார்கள்.

இந்தப் பக்கத்தை சமிலா கையில் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்புகிறேன். முப்பத்தோராம் நாள் எல்லார் கையிலும் இருக்கும், அவன் கையிலும்.

நீ ஒட்டி வைத்த சாம்பல் ஆளுக்கு சமிலா சாக்குப் போட்டுவிட்டாள், வலது கட்டைவிரலில் ஒரு கோடும் இழுத்துவிட்டாள். நாளைக்கு நானே அவனை முன் சீட்டில் வைத்து, வார்னிஷ் அடிக்கச் சொல்லி, உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். நான் உயிரோடு இருக்கும்வரை அதை யாரும் கழுவ விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

துப்பாக்கியோடு வந்த ஐந்து பேரை, என்னை ஏசப்போகிறவர்களை, ட்ரக்கை ஓட்டிய பயலைக்கூட நான் மறந்தாலும் மறப்பேன். மன்னிக்காத ஆள் ஒருவன்தான், புவனா: என் கூடப் பிறந்த தம்பி வேலாயுதம்.

உன்னைப் பெற்றும் உனக்குப் பின்னால் இருக்கிற
அம்மா பாக்கியம்