நொச்சியை நான் இளவரசி என்று எழுதினேன்

அன்புள்ள அண்ணி,

இல்லை, படிக்கவில்லை. ஒரு பக்கம்கூட.

அன்றைக்குக் காப்பிக் களத்தில் நின்றுகொண்டு நீங்கள் கேட்டபோது "படிச்சேன்" என்றேன். "முழுசுமா கண்ணு?" என்றீர்கள். "முழுசும்" என்றேன். காயும் பழத்தைப் பலகையால் கிளறிக்கொண்டே களத்தின் அந்த முனைவரைக்கும் போனீர்கள். திரும்பி வந்தபோது மழை வருமா என்று பேச ஆரம்பித்தீர்கள்.

தெரிந்துதான் பேச்சை மாற்றினீர்களா? எழுநூறு பக்க நாவலை முடித்தவள் அதில் வரும் ஒரு பெயரைக்கூடச் சொல்லாமல் நிற்பாளா என்று உங்களுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் என் அண்ணனின் மனைவி. பத்தாவதோடு நின்றவர். வாழவந்தியில் நமக்கிருக்கும் கொஞ்சம் காப்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டவர். ஒண்டிக்கடை முக்கில் நோட்டும் பேனாவும் விற்கும் பாயிடம் சொல்லிவைத்து, அவர் சரக்கெடுக்கச் சேலத்துக்கு இறங்கும்போது ஒரு நாவலை வாங்கிவரச் சொன்னீர்கள். கறுப்பு அட்டை. பேய்கள் சூழ்ந்த ஒரு கோட்டையின் கதை. மணிக்கொருமுறை களத்தைக் கிளறுவதற்காகப் போனில் அலாரம் வைத்துவிட்டு, ஒரு அலாரத்துக்கும் அடுத்த அலாரத்துக்கும் நடுவில் அதைப் படித்தீர்கள். இரண்டு வருடத்தில் மூன்று முறை.

நான் சென்னையில் இலக்கியம் படித்தேன். உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன்.

பெயர் போடவில்லை. 'என் மலையில் ஒருத்தி' என்றுதான் எழுதினேன். இந்த மாதிரி இருண்ட மாயக் கதைகளை நம் பெண்கள் ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்பது கேள்வி. பதிலையும் முதலிலேயே தயாராக வைத்திருந்தேன். 'தன் வாழ்வைப் பார்க்க அஞ்சுகிறவள், ஓர் இளவரசியின் இருட்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள்.' அந்த வரியை எழுதி முடித்ததும் எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி.

எழுதுவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புத்தகத்தில் யாரைப் பிடிக்கும் என்று. "அட்டையில நிக்கிறாளே, அவளத்தான் கண்ணு. நொம்பக் கெட்டவ. ஆனா கெட்டவன்னு அவளுக்கே தெரியும். அது எத்தன பேருக்குத் தெரியுது?" என்றீர்கள். நோட்டில் குறித்துக்கொண்டேன். கட்டுரையில் சேர்க்கவில்லை. என் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்தது.

ஒரு சிற்றிதழில் வந்தது. எனக்குப் பாடம் எடுத்த ஒருவர் ஒரு கூட்டத்தில் அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமாகத் தெரியட்டும் என்று.

இதழை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். நீங்கள் அதைப் படிக்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். எழுநூறு பக்கத்தை மூன்று முறை படித்தவர் ஆறு பக்கக் கட்டுரையைத் தொட மாட்டார் என்று எப்படி நினைத்தேன்? யோசித்தால் இதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருக்கிறது.

நீங்கள் படித்தீர்கள். "நல்லா எழுதியிருக்கீங்க கண்ணு" என்றீர்கள். அதற்குப் பிறகுதான், களத்தில், அந்தக் கேள்வி.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. ஆடியில் தலைவலி என்று படுத்தீர்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கையை விரித்துவிட்டார்கள். இப்போது தை. இந்த வருடம் பழம் எல்லாச் செடியிலும் ஒரே சமயத்தில் சிவந்துவிட்டது, ஆள் போதவில்லை. உங்கள் போனை அண்ணன் இன்னும் சார்ஜ் போட்டு வைக்கிறார். மணிக்கொருமுறை அலாரம் அடிக்கிறது. அதை நிறுத்தத் தெரியாமல் இல்லை.

என் முதல் புத்தகம் வரப்போகிறது. கட்டுரைத் தொகுப்பு. அச்சுக்குப் போகுமுன் திருத்திக் கொடுப்பதற்காக ஊருக்கு வந்தேன். வந்த அன்றைக்கே அண்ணன் பீரோவைத் திறந்து அந்தச் சிற்றிதழை எடுத்தார். காட்டுப் பட்டா இருக்கும் பையிலேயே வைத்திருந்தார்.

"ரெண்டு பக்கம் படிச்சேன் கண்ணு. எனக்கு எங்க புரியுது. ஆனா உங்கண்ணியத்தான் நீ எழுதியிருக்கேன்னு தெரிஞ்சுது."

"ஆமாங்கண்ணா."

"பேரு போடலியே."

"அப்படித்தான் எழுதுவாங்க."

"அது சரி. போட்டோ போடலாமில்ல?" சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். ரேஷன் கார்டுக்காக நீங்கள் எடுத்த படம். "இத அந்தக் கட்டுரைக்கு மேல போடச் சொல்லு. அவளுக்கு நொம்பப் பெருமையா இருக்கும். ஊர்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டேன்."

நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் அண்ணி.

கட்டுரையில் 'இளவரசி' என்று நான் எழுதியிருந்த இடத்தில், ஓரத்தில் 'பெயர் என்ன?' என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். அந்தப் பெயரைத் தேடுவதற்காக மட்டும்தான் உங்கள் கறுப்பு அட்டையைத் திறந்தேன்.

அதில் இளவரசியே இல்லை.

அட்டையில் நிற்பவளின் தலையில் கிரீடம் என்று நான் நினைத்தது, அவளுக்குப் பின்னால் இருக்கும் கோட்டைக் கதவின் இரும்பு முனைகள். அவள் பெயர் நொச்சி. கதவைத் திறந்து மூடும் வேலைக்காரி. ஏழு தலைமுறையாகச் சூரியன் வராத கோட்டை. வெளியே திரிகிறவற்றுக்குப் பெயர் கிடையாது. ஒரு நாள் அவளுடைய தங்கையே வெளியே நின்று கதவைத் தட்டுகிறாள். நொச்சி திறக்கவில்லை. தட்டும் சத்தம் நிற்கும்வரை சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு ஊரார் கேட்கும்போது, எதுவும் காதில் விழவில்லை என்கிறாள். எல்லோரும் நம்புகிறார்கள்.

இது முதல் முப்பது பக்கம். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு அவள் எப்படி இருந்தாள் என்பதுதான். பேய்கள் வருகின்றன. இறந்தவர்கள் கூடும் சந்தை ஒன்று வருகிறது. அவள் படைத்தலைவி ஆகிறாள், இரண்டு முறை ஊரைக் காப்பாற்றுகிறாள். நாவல் அவளைத் தண்டிப்பதும் இல்லை, மன்னிப்பதும் இல்லை. கூடவே நடக்கிறது. நம்மையும் நடக்க வைக்கிறது. அவள் பொய் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும், மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பயந்தேன். பயந்ததற்காக வெட்கப்பட்டேன்.

படித்து முடிக்க நான்கு நாள். வாள் சண்டைகள் நீளம், நடை சில இடங்களில் சுமார். உங்களிடம் இனிப் பொய் வேண்டாம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒளிந்துகொள்ள ஓர் இண்டு இடுக்கு இல்லாத புத்தகம் அது. பேய்களைப் பார்த்துக்கூட நான் பயப்படவில்லை. அவளைப் பார்த்து, இவளை எனக்குத் தெரியுமே என்று தோன்றியபோதுதான் பயந்தேன். அதைத்தான் ஒளிந்துகொள்ளும் இடம் என்று எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் பழம் பறிக்கப் போனேன். வழக்கம்போல ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒரு நாள் நம் காடு என்றால் மறுநாள் அவர்கள் காடு. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உங்களோடு எப்போதும் ஜோடி போட்டுப் பறித்த மாராயி அக்கா. (அவர் பெயர் மாராயி இல்லை.) இலை அடர்த்தி. குரல் கேட்கும், முகம் தெரியாது.

"ஏங்கண்ணு, பச்சையவும் சேத்து உருவுற? இதத்தான் மெட்ராஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"உடு அக்கா, பேனா புடிச்ச கை" என்றது அடுத்த வரிசை. சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மாராயி அக்கா கேட்டார். "ஏஞ்சாமி, அந்த நொச்சி கடைசியில என்னதான் ஆனா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அவள?"

"நல்லாருக்குது போ. உங்கண்ணி இந்தச் செடியில நின்னுதானே தெனமும் சொன்னா. சண்டாளி இன்னிக்கு என்ன பண்ணுனான்னு கேட்டுட்டேதான் பையக் கட்டுவோம். கடைசி மட்டும் அடுத்த காப்பிப் பறிப்புக்குச் சொல்றேன்னா. போயிட்டா."

"அவ கெட்டவதானுங்களே அக்கா." அப்போதும் பேட்டி எடுப்பவளைப் போலத்தான் கேட்டேன்.

"கெட்டவதான். ஆரு இல்லீன்னா? ஆனா அவளக் கேட்டுட்டே இருந்தா நம்முளுது வெளிய வந்துருது." ஒரு கைப் பழம் பையில் விழுந்த சத்தம். "உங்கண்ணி அவங்கம்மா சமாச்சாரத்த அப்பத்தான் சொன்னா."

"என்ன சமாச்சாரம்?"

"உனக்குத் தெரியாதா?"

தெரியாது அண்ணி. பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். உங்கள் பிறந்த ஊரான மஞ்சக்குட்டையில் அம்மா இறந்தபோது நடந்ததை நீங்கள் வீட்டில் ஒரு விதமாகச் சொன்னீர்கள், நாங்கள் எல்லோரும் நம்பினோம். உண்மையில் நடந்தது செடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு மட்டும் தெரியும். மாராயி அக்கா எனக்குச் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். உங்களை ஒருமுறை அச்சில் ஏற்றியது போதும்.

"அப்பறம் நான் என்னுதச் சொன்னேன். அந்தாண்ட வரிசைக்காரி அவளுதச் சொன்னா" என்றார். "அதெல்லாம் உனக்குச் சொல்ல மாட்டேன். நீ எழுதிப் போடுவ."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நான் நாவலின் கடைசியைச் சொன்னேன். மறுபடியும் ஒரு நாள் வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நொச்சி கிழவியாகிவிட்டாள்.

"தொறந்தாளா?"

"தொறந்தா."

"ஆரு நின்னாங்க?"

"அத எழுதலீங்க அக்கா. அதோட முடிஞ்சுருது."

"நாசமாப் போச்சு. இதுக்கா அத்தன பக்கம்?" என்றது அடுத்த வரிசை. மாராயி அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார். "சரி. தொறந்தா இல்ல."

அன்று சாயங்காலம் அண்ணன் களத்தில் இருந்தார். கட்டுரையை எடுத்துப்போய் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரியாத சொற்களுக்கு அர்த்தம் சொன்னேன். அஞ்சுகிறவள் என்றால் பயப்படுகிறவள்.

"ஆரு? அவளா?"

"ஆமாங்கண்ணா."

"அவ எதுக்குப் பயந்தா?"

"எனக்குத் தெரியாது. அந்தப் புஸ்தகத்த நான் படிக்காமயே எழுதிட்டேன். படிச்சேன்னு அவங்ககிட்டப் பொய்யும் சொன்னேன்."

பலகையைக் கீழே வைத்தார். "இத அவ படிச்சாளா?"

"படிச்சாங்க."

"என்ன சொன்னா?"

"நல்லா எழுதியிருக்கீங்கன்னு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. காயும் பழத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கிட்டயும் அதத்தான் சொன்னா. புள்ள நல்லா எழுதியிருக்குது, பத்தரமா எடுத்து வைங்கன்னா. அதனாலதான் பட்டாவோட வெச்சேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நின்றேன்.

கொஞ்சம் கழித்துக் கையை நீட்டினார். படத்தைக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் பலகையை எடுத்தார். திட்டியிருக்கலாம்.

ஏன் எடுத்துவைக்கச் சொன்னீர்கள் அண்ணி? என்னை அவரிடம் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காகவா? என்றைக்காவது நானே எடுத்துப் பார்ப்பேன் என்றா? உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்று நினைத்தீர்களா? கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்க விடுவதில்லை.

மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். படிக்காத எதைப் பற்றியும், காது கொடுத்துக் கேட்காத யாரைப் பற்றியும் இனி ஒரு வரி எழுத மாட்டேன். இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இன்று காலை பதிப்பாளரைக் கூப்பிட்டு, கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். புத்தகத்திலேயே அதுதான் நல்ல கட்டுரை என்றார். தெரியும் என்றேன். அந்த இடத்தில் இந்தக் கடிதத்தைப் போடச் சொன்னேன். இன்றைக்கு மாராயி அக்கா காட்டில் பறிப்பு. நம் வீட்டிலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். பையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

உங்கள் நாத்தனார்,
வாழவந்தி