நீக்கவேண்டிய இணைப்புகள்

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள சுமந்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மழையும் முட்டிவலியும் தவிர எல்லாம் சௌக்கியம். நீயும் டப்ளினில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் மெயிலில் கடிதம்.

அப்பா ஆரம்பித்து, அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்ளும் ஊர் வரலாற்றுத் தளம் கூகுளில் பின்னுக்குப் போய்விட்டது என்றாய். கண்ட தளங்களெல்லாம் நமக்கு இணைப்புக் கொடுத்திருப்பதுதான் காரணம், ஒவ்வொன்றாகத் திறந்து பார், நம் விஷயத்தோடு ஒட்டாததை ஒதுக்கச் சொல்லி கூகுளுக்கு அனுப்பு என்று பட்டியலும் அனுப்பினாய். உட்கார்ந்து பார்த்தேன்.

ரம்மி ஆட்டம், வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெய், ஐந்து நிமிஷத்தில் கடன். ஒரு பக்கத்தில் துணியில்லாத பெண்கள்; கீழே நீல எழுத்தில் கரமனை அக்ரஹாரம் என்று போட்டிருக்கிறான். அதைத் தொட்டால் வேஷ்டியும் விபூதியுமாக உன் அப்பா படம் வருகிறது. லாப்டாப்பை மூடிவிட்டுப் போய் முகம் கழுவினேன். இந்தக் கழிசடைகளுக்கு அவர்தானா கிடைத்தார்?

அதையெல்லாம் ஒதுக்கினேன். அதே பட்டியலில் ஜானவியின் பக்கமும் இருந்தது. உன் தங்கை விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பற்றி எழுதுகிறாள் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். மற்றவற்றுக்கு எதிரே மிஷின் போட்ட மார்க் மட்டும். இதற்கு எதிரே நீயே அடித்திருந்தாய்: "மீன் நாத்தம். எடுத்துடு." அனுப்புமுன் அழிக்க மறந்திருப்பாய்.

சுமந்த், அந்தப் படங்களைப் பார்த்து வந்த அருவருப்பு முகம் கழுவியதும் போயிற்று. இது போகவில்லை. அவள் விழிஞ்ஞத்து மீனவர் வீட்டு அஜினைக் கல்யாணம் செய்துகொண்டது உனக்குப் பிடிக்கவில்லை, சரி. எனக்கும்தான் முதலில் பிடிக்கவில்லை. அதற்காகக் கூடப்பிறந்தவளை ரம்மிக்காரனோடு ஒரே குப்பைக்கூடையில் போடுவாயா? பெற்றவளுக்கு அதைப் படிக்கவே கூசியது.

அவள் இணைப்புக் கொடுத்திருப்பது அப்பா விழிஞ்ஞத்தைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு. நீ அதைப் படித்திருக்க மாட்டாய். பழைய துறையைப் பற்றி நாள் முழுக்க உட்கார்ந்து சொன்னவர் என்று ஞானசிகாமணிக்கு அதில் நன்றி சொல்லியிருக்கிறார். அவர் அஜினின் தாத்தா. அன்று அவர் வீட்டில்தான் சாப்பிட்டதையும் அப்பா மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

தளத்துக்கு வருகிறவர்களின் கணக்கையும் பார்த்தேன். ரம்மியிலிருந்து வருகிறவன் வந்த வேகத்தில் ஓடிவிடுகிறான். ஜானவி பக்கத்திலிருந்து வருகிறவர்கள்தான் கடைசிவரை படிக்கிறார்கள். இதைவிட ஒட்டிய பக்கம் வேறு எங்கே இருக்கிறது?

அவளிடம் பேசினேன். "அண்ணாகிட்ட ஒண்ணும் கேக்கவேண்டாம் அம்மா, கேட்டயா, வெறுதே சண்டையும் வழக்குமாகும்" என்றாள். அழுதாளோ என்னவோ, உடனே போனை வைத்துவிட்டாள்.

அவள் பக்கத்தை நான் எடுக்கவில்லை. தளத்தின் பாஸ்வேர்டையும் மாற்றி அவளிடமே கொடுத்துவிட்டேன். இனி நீ எதை எடுக்கவேண்டுமென்றாலும் அவளைத்தான் கேட்கவேண்டும்.

பகவான் உனக்கு ஒரு குறையும் வைக்கவேண்டாம். அவளை ஒருதரம் கூப்பிடு. சண்டை போடுவதற்காவது கூப்பிடு.

உன் அம்மா,
சாவித்ரி